சோழிமேட்டுக்குச் சிங்கப்பூர் வழி

புன்னைப்பேட்டையிலிருந்து சோழிமேட்டுக்குக் கடற்கரையோரமாக நடந்தால் அரைமணி நேரம் ஆகும். நடுவில் ஒரு வாய்க்கால் கடலில் விழுகிறது. கோடையில் அதிலும் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அந்த அரைமணி நேரத் தூரத்தைக் கடக்கத் தமிழரசி காரைக்காலில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனாள். திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூருக்குப் போனாள். அங்கே ரயில் மாறி ஒரு தீவுக்குப் போய், தீம் பார்க் வாசலில் நின்று தன் அம்மாவைப் பார்த்தாள். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டுப் போகட்டும். இரண்டு மீன்பிடி ஊர்கள் முறைத்துக்கொண்டால் நடுவில் மாட்டிக்கொண்டவள் படும் பாடு அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

தமிழரசிக்கு இருபத்து நாலு வயது. பிறந்தது சோழிமேட்டில். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போதே அப்பா தவறிப்போனார். அம்மா சாரதாம்பாள் கூடையில் மீன் சுமந்து விற்று இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். அண்ணன் கலைவாணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். தமிழரசி பி.காம். படித்தாள்; இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி. படிப்பைவிடத் தையலில் அவளுக்குக் கை நன்றாக ஓடும். காரைக்கால் டவுனில் ஷரீபுன்னிசா வைத்திருக்கும் தையல் கடைக்குப் படிக்கும்போதே வேலைக்குப் போக ஆரம்பித்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை.

கல்யாணம் செய்துகொண்டது புன்னைப்பேட்டை சசிதரனை. பங்காளிகள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு பைபர் படகு வைத்திருக்கிறான். அதிகம் பேசமாட்டான். பேசினாலும் பாதி வார்த்தையை விழுங்கிவிடுவான். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தமிழரசியிடம் அவன் கேட்ட ஒரே கேள்வி, “சட்ட தைப்பீங்களா?” என்பதுதான். அதற்கே அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. பிடிப்பதற்குப் பெரிய காரணமா வேண்டும்?

கல்யாணமாகி எட்டாவது மாதம் சண்டை வந்தது. சோழிமேட்டார் சுருக்குமடி வலை போடுகிறவர்கள். ஒரு கூட்டத்தையே வளைத்துக் குஞ்சு குளுவான் விடாமல் அள்ளிக்கொண்டு வரும் பெரிய வலை அது. புன்னைப்பேட்டையில் எல்லாம் சின்னப் படகு, சின்ன வலை. அவர்கள் அள்ளிவிட்டுப் போன இடத்தில் இவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. பேச்சு வளர்ந்து, நடுக்கடலில் இரண்டு பக்கமும் மோதிக்கொண்டார்கள். புன்னைப்பேட்டைத் தலைவர் காத்தமுத்துவின் தம்பிக்கு வலது கை போயிற்று. கேஸ், கோர்ட், அதிகாரிகளின் சமாதானக் கூட்டம் எல்லாம் நடந்தன. பக்கத்து மீனவ ஊர்களான கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் கோட்டுச்சேரிமேட்டிலிருந்தும் பெரியவர்கள் வந்து பேசிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம்தான் கட்டுப்பாடு வந்தது. சோழிமேட்டோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. பேசக் கூடாது. போனும் கூடாது. மீறினவன் குடும்பத்தை ஊர் தள்ளி வைக்கும். மீறியதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தவனுக்கும் அதே கதிதான். கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். சோழிமேட்டிலும் இதையே ஒரு வார்த்தை மாறாமல் செய்தார்கள். அடித்துக்கொள்வதில்தான் அவர்களுக்குள் எத்தனை ஒற்றுமை.

சோழிமேட்டிலிருந்து புன்னைப்பேட்டைக்கு வாழ வந்த பெண்கள் பதினொரு பேர். அவர்களைக் கூப்பிட்டு, இருப்பதானால் இங்கே இரு, போவதானால் அங்கே போ என்று சொன்னார்கள். இரண்டு பேர் போனார்கள். தமிழரசி இருந்தாள். சீக்கிரம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று. சாரதாம்பாள் ஷரீபுன்னிசா வீட்டுக்கு மீன் போடுகிறவள். அதனால் அம்மா சொன்னது மகளுக்கும், மகள் சொன்னது அம்மாவுக்கும் ஷரீபுன்னிசா வாய்வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் காரைக்கால் பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் ஏறும்படி ஆகிவிட்டது. பஸ் முழுக்க இரண்டு ஊர்ப் பெண்களும் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா முன்னால், மகள் பின்னால். இருபது நிமிஷம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குத் தமிழரசி கடையில் மூன்று ஜாக்கெட்டைத் தப்பாக வெட்டினாள். ஷரீபுன்னிசா தன் காசில் வேறு துணி வாங்கி வைத்தாள்.

சிங்கப்பூர் யோசனை கலைவாணனுடையது. சாரதாம்பாள் மகனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு பத்து நாள் முன்னதாகவே கிளம்புவாள். படகின் இஞ்சினைப் பழுது பார்க்கும் நாட்களில் சசிதரனுக்கும் கடல் வேலை இல்லை. புருஷன் பெண்டாட்டி இருவரும் நாலு நாள் ஊர் சுற்றப் போகிறோம் என்று சொன்னால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? டிக்கெட் எல்லாம் கலைவாணனே எடுத்தான். அவன் தங்கியிருந்த விடுதியிலும் அவன் புழங்கும் தெருக்களிலும் நாகை, காரைக்கால் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. தீம் பார்க்குக்கு அவர்கள் எவனும் வரமாட்டான், உள்ளே நுழையவே அவ்வளவு ஆகும், அங்கே பார்ப்போம் என்று அவன்தான் இடத்தையும் சொன்னான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.

வாசலில் சாரதாம்பாள் மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றாள். புடவைக்குக் கீழே அந்த ஷூவைப் பார்த்ததும் தமிழரசிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். கையில் மீன் வாசனை இல்லை. பத்து நாளாகக் கூடை தொடாத கை, ஏதோ சோப்பு வாசனை அடித்தது. அதுதான் அவளை அழ வைத்தது.

“எளச்சிட்டியேடி,” என்றாள் சாரதாம்பாள். “மாப்ள, நல்லா இருக்கீங்களா? இவ ஒழுங்கா சோறாக்கிப் போடுறாளா?”

“போடுது அத்தை,” என்றான் சசிதரன். மீதியை வழக்கம்போல் விழுங்கிவிட்டான்.

“விசேஷம் ஏதாச்சும்...”

“அம்மா, இதுக்காம்மா இவ்வளவு தூரம் வந்த?”

“பின்ன இதுக்கு வராம பொம்மையப் பாக்கவா வந்தேன்?”

உள்ளே போனார்கள். பூதம், பொம்மை என்று என்னென்னவோ வேஷம் கட்டியவர்கள் கையசைத்தார்கள். சாரதாம்பாள் எல்லோருக்கும் கும்பிடு போட்டாள். கலைவாணன் முதலில் படகு சவாரிக்கு அழைத்துப் போனான். வரிசையில் நிற்கும்போதுதான் தமிழரசிக்கு உறைத்தது: அவளும் அம்மாவும் இதுவரை படகில் ஏறியதே இல்லை. அந்தக் கரையில் பெண்கள் படகில் ஏறும் வழக்கம் கிடையாது. படகு கட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள், படகுக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள், படகு திரும்பாத நாளில் கரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஏறியதில்லை.

சாரதாம்பாள் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். படகின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். பின்னால் நின்ற சீனக் குடும்பமும், காரணம் என்னவென்று தெரியாமலே, பொறுமையாகக் காத்திருந்தது.

“யாரு மாப்ள ஓட்டுறா இத?”

“தானா ஓடும் அத்தை.”

“ஆளில்லாத படகுல ஏத்திட்டீங்களே.”

படகு மேலே ஏறி, தலைகுப்புறக் கீழே விழுந்து, எல்லோரையும் நனைத்தது. சாரதாம்பாள் மகளுடைய கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்துபோயிற்று. இறங்கியதும் இன்னொரு தடவை போகலாமா என்று அவளே கேட்டாள். ஒன்றரை வருஷத்தில் தமிழரசி அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது, அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு ஊரே மறந்துபோயிருந்தது.

“சசியண்ணே,” என்று ஒரு குரல் கேட்டது.

நீலச் சட்டை, தொப்பி, கையில் துடைப்பம், குப்பை அள்ளும் தகரம். மருதையன். சசிதரன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் தங்கையனின் மகன். சிங்கப்பூரில் க்ளீனிங் வேலை என்று ஊருக்கே தெரியும். எந்த இடத்தில் என்று யாரும் கேட்டதில்லை. பையன் ஓடி வந்து சசிதரனின் கையைப் பிடித்துக்கொண்டான். ஊர்க்காரனை அங்கே பார்த்ததில் அவனுக்கு அப்படி ஒரு குஷி. “அண்ணி, எப்ப வந்தீங்க? சொல்லவே இல்ல பாருங்க,” என்று சொல்லிக்கொண்டே திரும்பியவன் சாரதாம்பாளைப் பார்த்தான். கலைவாணனையும் பார்த்தான்.

கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

படகிலிருந்து இறங்கிய கூட்டம் நனைந்தபடி அவர்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

“நான் உங்களப் பாக்காமயே போயிருக்கலாம்ண்ணே,” என்றான் மருதையன். அழுதுவிடுவான்போல இருந்தான். “இங்க நம்ம ஊரு ஆளுங்க இன்னும் மூணு பேரு வேல பாக்குறாங்க. அவனுங்க யாராச்சும் பாத்திருந்தா, நானும் இன்னிக்கு டூட்டின்னு தெரியும். நான் மறச்சேன்னு ஆயிடும். தங்கச்சிக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. எங்க வீட்டத் தள்ளி வெச்சா நின்னுபோயிடும்ண்ணே.”

“தெரியும்டா,” என்றான் சசிதரன்.

“நாளைக்குக் காலையிலதான் போன் பண்ணுவேன். இன்னிக்கு நீங்க பாருங்க. எல்லாத்தையும் சுத்திப் பாருங்க அண்ணி.” தகரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகிற வழியில் குனிந்து யாரோ போட்ட ஐஸ்கிரீம் குச்சியைப் பொறுக்கினான். அவன்மேல் கோபப்படத் தமிழரசியால் முடியவில்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கலைவாணன் தலையில் அடித்துக்கொண்டான். சாரதாம்பாள்தான் முதலில் தேறினாள். “டிக்கெட்டு ராத்திரி வரைக்கும் செல்லும்ல? வாங்க. இனிமே பயந்து என்ன ஆவப்போவுது.”

அதன் பிறகு அவர்கள் எல்லாவற்றிலும் ஏறினார்கள். சுற்றுகிற கோப்பை, இருட்டுக்குள் ஓடும் ரயில், ஆகாயத்தில் தொங்கும் நாற்காலி. சாரதாம்பாளுக்கு வாந்தி வந்தது. வாயைக் கழுவிக்கொண்டு மறுபடியும் ஏறினாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். பின்னிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“ஊருல கேட்டா நாந்தான் வந்து ஒட்டிக்கிட்டேன்னு சொல்லு. உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லு. என்னத் திட்டணும்னாலும் திட்டிடு. புருஷன உட்டுட்டு வந்துடாத தமிழு. நான் இன்னும் எத்தன நாளைக்கு?”

சாரதாம்பாள் மறுநாள் விமானத்தில் தனியாக ஊர் திரும்புவதாக ஏற்பாடு. திரும்பி வரும் விமானத்தில் தமிழரசி கணவனிடம் கேட்டாள். “ஊரே வேணாங்க. காரைக்கால் டவுன்ல ஒரு வீடு புடிச்சிப் போயிடுவோமா?”

சசிதரன் முன்சீட்டில் சொருகியிருந்த காகிதத்தை எடுத்து நாலாக மடித்தான். “வீடு புடிக்கலாம். படக எந்தக் கரையில கொண்டாந்து ஏத்துறது? நம்ம ஊரு தள்ளி வெச்சவன வேற எந்த ஊருக்காரன் எறங்க உடுவான்? கடலுக்குப் போவக் கரை வேணுமே.” அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கையைப் பிடித்துக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அவனுக்குக் கடலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் ஊர் மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே நின்றார்கள். சசிதரன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான்.

“அவ மேல தப்பு இல்ல. நாந்தான் அழச்சிட்டுப் போனேன்,” என்றான்.

தலைவர் காத்தமுத்து சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நாலு பேர் சமாதானத்துக்கு எழுந்திருப்பார்கள். “என் தம்பிக்கு இன்னிக்கும் இவன் அவன்னு யாராச்சும்தான் சோறு ஊட்டுறாங்க,” என்றார். “எனக்கும் சோழிமேட்டுல ஒரு தங்கச்சி இருக்கா. போன வருசம் அவ வூட்டுக்காரு செத்தாரு. நான் போவல. வாய்க்கா கரையில நின்னுட்டுத் திரும்பி வந்தேன். உனக்காவ மாத்துனா அன்னிக்கு நான் போவாம இருந்தது என்னத்துக்கு?”

ஆளாளுக்கு ஒன்றை விட்டுக்கொடுத்தே அந்தக் கட்டுப்பாட்டைக் கட்டிக் காத்திருந்தார்கள். ஒருத்தருக்குத் தளர்த்தினால் மற்றவர்கள் இழந்ததெல்லாம் வீண் என்றாகிவிடும்.

இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, வீட்டையே தள்ளி வைப்பது: படகில் பங்கு கிடையாது, மீன் ஏலத்தில் இடம் கிடையாது, சசிதரனின் அப்பா அம்மாவுக்கும் சேர்த்துத்தான். இன்னொன்று, தமிழரசி தலை முழுகுவது. செத்தவர்களுக்குத்தான் தலை முழுகுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்காக ஊரறிய முழுகினால், அன்றோடு அந்த உறவு செத்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் கட்டுப்பாடு நீங்கினாலும் அந்த உறவு திரும்பாது, முழுகியது முழுகியதுதான்.

சசிதரன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் வாழ்நாள் முழுக்க அவன் அதைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

“முழுகுறேன்,” என்றாள் தமிழரசி, வெளியில் நின்றபடியே.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் வாசலில் மூன்று குடம் தண்ணீர் வைத்திருந்தார்கள். மாமியார்தான் ஊற்றினாள். சோழிமேட்டிலிருந்து வந்த மற்ற எட்டுப் பெண்களும் ஒரு ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது குடம் காலியானதும் தமிழரசி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். “சோழிமேட்டு சாரதாம்பாளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.” குரல் அவளுடையதாகவே இல்லை. சொன்னது வாய்தானே, மனசு சொல்லவில்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இந்தப் பக்கம் அவள் அறுத்தாலும் அந்தப் பக்கம் அம்மா பிடித்துக்கொண்டுதான் இருப்பாள். அந்த ஒரு நினைப்பில்தான் ஈரப் புடவையோடு வீடு வரைக்கும் நடந்தாள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனாள். ஷரீபுன்னிசா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தாள்.

“உங்க உம்மா சனிக்கெழம வந்துச்சு புள்ள. மீன் இல்ல, சும்மாதான் வந்துச்சு. ஒரு சேதி சொல்லச் சொன்னிச்சு. நான் எப்புடிச் சொல்லுவேன்?”

“சொல்லுங்கக்கா.”

“உங்க ஊரு தீர்ப்பு புதங்கெழம ராத்திரியே அது காதுக்குப் போயிடுச்சாம். வியாழக்கெழம காலையிலயே அவங்க ஊரு கோயில்ல போயித் தல முழுகிடுச்சாம். யாரும் கேக்கலையாம். தானாவே போயி, எல்லாரையும் கூப்புட்டு, என் மவ செத்துட்டான்னு சொல்லி முழுகுச்சாம்.” ஷரீபுன்னிசா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “பெத்தவ உசுரோட இருக்கயில மவ முழுகுனா மவளுக்குத்தான் பாவமாம். அதனால நான் முந்திக்கிட்டேன்னு சொல்லச் சொன்னிச்சு. அறுத்தது நாந்தான், அவ இல்ல, அவ மனசுல ஒண்ணும் வெச்சிக்க வேணாம்னு சொல்லு அப்புடின்னிச்சு.”

தமிழரசி எந்த நேரத்தில் என்று கேட்டாள். சூரியன் வரும் முன்னே என்றாள் ஷரீபுன்னிசா. அப்படியென்றால் முழுசாக ஒரு நாள் முன்னதாக. பிடித்துக்கொண்டிருப்பாள் என்று நம்பி அவள் முழுகி எழுந்தபோது அந்தப் பக்கத்தில் யாருமே இல்லை. அம்மா அவளைக் காப்பாற்றிவிட்டாள். ஊரறிய, சாமியறிய, இனி திரும்ப முடியாதபடி காப்பாற்றிவிட்டாள். அழுகை வரும் என்று தமிழரசி காத்திருந்தாள், வரவில்லை. மேஜைமேல் பாதி தைத்த ஜாக்கெட் ஒன்று கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மடிப்பைச் சரிபார்த்தாள்.

“நாளைக்கு மீன் போட வரும்,” என்றாள் ஷரீபுன்னிசா. “நீ ஏதாச்சும் சொல்லணுமா? யாருக்கும் தெரியாது. நான் சொல்லிடுறேன் புள்ள.”

தமிழரசி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

“செத்தவ என்னத்தக்கா சொல்லுவா.”